பன்னிரண்டு குண்டான் மாவு

“மாவு மூச்சு விடுமா, பாக்கியக்கா?” என்று அனுபமா ஒருமுறை கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. கையில் இருந்த பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, பதில் வரும்வரை நகரமாட்டேன் என்பதுபோல் நின்றாள்.

யார் எதைக் கேட்டாலும் பாக்கியத்துக்கு உடனே வார்த்தை வராது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது முப்பத்துநாலு வயது. நாலு பேர் சேர்ந்து நிற்கும் இடத்தில் இன்னும் தரையைப் பார்த்துத்தான் நடப்பாள்.

தரையைப் பார்த்து நடப்பவர்களுக்கு ஏற்ற வேலைதான் அவளுக்குக் கிடைத்திருந்தது. மலையடிவாரத்தில் அனுபமா நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில் கறையான் எண்ணும் வேலை. நானூற்றுச் சொச்சம் புற்றுகள், ஒவ்வொன்றின் தலையிலும் நம்பர் எழுதிய சிவப்புக் கொடி. ஒரு நாட்டில் கறையான்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கரியமில வாயு விடுகின்றன என்று கணக்குப் போட வேண்டுமாம். அதற்கு முதலில் ஒரு புற்றுக்குள் எத்தனை கறையான் என்று தெரிய வேண்டும்.

அது லேசான காரியமில்லை. நீலச் சாயம் தோய்த்த காகிதத்தைத் தின்னக் கொடுத்து, வயிறு நீலமான ஆயிரம் கறையான்களை உள்ளே விட்டார்கள். பத்து நாள் கழித்துப் பிடித்துப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை நீலம் என்று எண்ணி மொத்தத்தைக் கணிப்பதாகத் திட்டம். ஆனால் கறையான்கள் ஒன்றுக்கொன்று வாயோடு வாய் வைத்து ஊட்டிக்கொள்கிற ஜாதி. பத்து நாளில் புற்றில் பாதி நீலமாகிவிட்டது. கணக்கு கந்தலாயிற்று.

அப்போதுதான் அனுபமா மூச்சுமானியைக் கொண்டுவந்தாள். ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புக் குழாய், அதன் தலையில் டிபன் கேரியர் அளவு பெட்டி. குழாயைப் புற்றுக்குள் செருகினால் உள்ளிருந்து வரும் மூச்சுக்காற்றைப் பெட்டி அளக்கும். ஒரு கறையானின் மூச்சு தெரியும், ஆகவே வகுத்தால் தொகை வந்துவிடும்.

பதினேழாம் நம்பர் புற்றில் பெட்டி இருபத்திரண்டு லட்சம் என்றது. சரிபார்க்க அந்தப் புற்றை உடைத்துக் கொட்டினார்கள். ஆயிரம் கறையானைத் தூரிகையால் எண்ணி எடுத்துத் தராசில் வைப்பது, அந்த எடையை வைத்து மற்றதை எல்லாம் நிறுப்பது என்று பத்தொன்பது நாள் வேலை. வந்தது ஏழு லட்சம்.

அனுபமா இரண்டு நாள் தராசுக் கணக்கையே திருப்பித் திருப்பிப் போட்டாள். பாக்கியம் மட்டும் உடைந்த புற்றின் அருகே உட்கார்ந்து, உள்ளேயிருந்து எடுத்த காளான் கட்டிகளை முகர்ந்துகொண்டிருந்தாள். இந்தக் கறையான்கள் புற்றுக்குள் தோட்டம் போட்டுக் காளான் வளர்ப்பவை. அந்தக் கட்டி கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் வாசனையை எங்கோ தெரியும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் மூச்சுமானியை வீட்டுக்கு எடுத்துப் போய், அண்ணி ஆட்டி வைத்திருந்த இட்லி மாவுக் குண்டானுக்கு மேல் குழாயைப் பிடித்தாள்.

“கறையானெல்லாம் எண்ணி முடிச்சாச்சு, இனி உளுந்த எண்ணப் போறியாக்கும்” என்றாள் அண்ணி. “எண்ணிட்டு எடுத்த எடத்துல வெச்சிரு. காலைல உங்க அண்ணன் இட்லி கேப்பாரு, நம்பர் கேக்க மாட்டாரு.”

பெட்டியில் எண் ஏறியது.

மறுநாள் அனுபமாவிடம் அதைச் சொல்லப் போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. மாவு மூச்சு விடுமா?

“விடுதுங்க மேடம்” என்றாள் பாக்கியம், கொடியைப் பார்த்துக்கொண்டே. “புளிக்கிறப்ப பொங்குதில்லீங்களா, அது மூச்சுதான். புத்துக்குள்ள காளானும் அப்படித்தான் பொங்குது. நாம அதையும் கறையான்னு எண்ணிட்டோம்.”

காளான் விடும் மூச்சைக் கழித்தபோது பெட்டியின் கணக்கும் தராசின் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. அனுபமா தன் கட்டுரையில் அந்தக் கழித்தலுக்கு ‘பாக்கியம் கழிவு’ என்றே பெயர் வைத்தாள். அச்சான பக்கத்தைப் பாக்கியம் யாருக்கும் காட்டாமல் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தாள். ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துத் தன் பெயரைத் தடவிப் பார்ப்பாள்.

பிறகு ஒரு விளையாட்டாக அனுபமா வேலைக்காரர்கள் ஆறு பேரையும் சாமான் அறையில் அடைத்து, உட்கார்ந்தால் எவ்வளவு, படுத்தால் எவ்வளவு என்று அளந்து பார்த்தாள். மாவையும் விடவில்லை. ஒரு பெண் அசையாமல் இருக்கும்போது விடும் மூச்சு, புளித்துப் பொங்கும் பன்னிரண்டு குண்டான் மாவுக்குச் சமம் என்று தெரிந்தது. அன்று எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது, மேலே கருங்குன்று எஸ்டேட்டில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருந்த கீழ் லயம், வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், நாற்பத்தொரு பேர், மண்ணுக்கடியில் போனது.

பத்து மணிக்கு நிலையத்துக்கு ஜீப் வந்தது. வெளியே நின்றே உள்ளே எத்தனை உயிர் என்று சொல்லும் பெட்டி இங்கே இருக்கிறதாமே என்றார்கள். அனுபமா வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தாள். போனில் கிடைத்தபோது, நீங்கள் போங்கள் அக்கா, உங்களைவிட அது யாருக்குத் தெரியும் என்றாள். பாக்கியம் குழாயை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து மலையேறினாள்.

மீட்புப் படைக்குத் தங்கப்பழம் என்ற அதிகாரி தலைவராக இருந்தார். சேறு படிந்த முகம், தொண்டை கட்டிய குரல். அவர் அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அவளுக்குத் தெம்பாக இருந்தது. அளக்கும்போது யந்திரங்களை நிறுத்தி, தோண்டுகிறவர்கள் ஐம்பது அடி தள்ளிப் போக வேண்டும் என்றாள். அப்படியே செய்தார்கள். அவள் சேற்றில் குழாயை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள்.

எட்டு, மிஞ்சினால் ஒன்பது, என்றாள்.

குழாய் காட்டிய பக்கமாகத் தோண்டினார்கள். ஞாயிறு மாலைக்குள் ஆறு பேரை உயிரோடு எடுத்தார்கள். இரண்டு பேர் கைக்கு வரும்போது போயிருந்தார்கள், உடம்பில் இன்னும் சூடு இருந்தது. எட்டு சரி. அதற்குப் பிறகு அவள் குழாயைத் தூக்கினாலே சொல்லாமல் வழி விட்டார்கள்.

திங்கட்கிழமை நண்பகலில் எல்லாம் மாறியது. உயிரும் உடலுமாக முப்பத்தைந்து பேர் கிடைத்திருந்தார்கள், ஆறு பேர் பாக்கி. மேலே மலையில் ஒரு பிளவு விரிந்துகொண்டிருந்தது. அதன் குறுக்கே கட்டியிருந்த நூல் காலையில் ஒருமுறை அறுந்தது, பதினோரு மணிக்கு மறுபடி அறுந்தது. கீழே பள்ளத்தில் பதினான்கு பேர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அது இறங்கினால் பதினான்கும் போகும்.

“ஒரு ஆள் இருந்தாக்கூட நான் எடுக்க மாட்டேம்மா பசங்கள. ஆள் இல்லேன்னா இந்த நிமிஷமே மேல ஏத்திருவேன்” என்றார் தங்கப்பழம். “எத்தனைன்னு மட்டும் சொல்லு.”

அவள் குழாயை இறக்கினாள். பெட்டி கிட்டத்தட்ட ஓர் ஆளின் மூச்சைக் காட்டியது. கால்மணி நேரம் பார்த்தாள். அது கூடவுமில்லை, குறையவுமில்லை. பதினேழாம் நம்பர் புற்று அவள் நினைவுக்கு வந்தது. இல்லாத பதினைந்து லட்சத்தை இருப்பதாகச் சொன்ன பெட்டிதானே இது.

அவள் அவசரப்படவில்லை. எஸ்டேட் ஆபீசிலிருந்து வந்திருந்த கிளார்க்கிடம் எல்லாவற்றையும் விசாரித்தாள். மாட்டுக் கொட்டகை எங்கே என்று கேட்டாள். மலையின் அந்தப் பக்கம் என்றார். எத்தனை அடுப்படி என்று கேட்டாள். வீட்டுக்கு ஒன்று, பன்னிரண்டு என்றார். கடைசியாக, தரையைப் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் மாவு ஆட்டியிருப்பார்களா என்று கேட்டாள். அவர் அவளை ஒருமாதிரி பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமதாம்மா இவங்களுக்கு லீவு. சனிக்கிழம ஆட்டாத வீடு எந்த எஸ்டேட்ல இருக்கு?”

பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு குண்டான். மலைக் குளிரில் மாவு மெதுவாகத்தான் புளிக்கும், திங்கட்கிழமையும் பொங்கும். கழித்தாள். மிச்சம் ஒன்றுமில்லை. மறுபடி கழித்தாள். அப்போதும் ஒன்றுமில்லை.

“பூஜ்யம் சார்” என்றாள்.

சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தங்கப்பழம் குனிந்து திரும்பக் கேட்டார். வாழ்நாளில் முதல்முறையாகப் பாக்கியம் அத்தனை ஆண்களுக்கு நடுவே நிமிர்ந்து, உரக்கச் சொன்னாள்: “பூஜ்யம்.”

விசில் ஊதினார்கள். பதின்மூன்று பேர் மேலே வந்தார்கள், ஒருவன் வரவில்லை. மொட்டைத் தலையோடு, இடுப்புவரை சேற்றில் நின்றபடி, என் தங்கச்சி இன்னும் உள்ளே இருக்கிறாள், ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று அவன் கெஞ்சியது மேலே கேட்டது. கோவிலுக்கு நேர்ந்துகொண்டு முடி கொடுத்துவிட்டு வந்தவன் போல, பாவம், என்று பாக்கியம் நினைத்தாள். அவன் மீசையும் மழித்திருந்ததைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. தங்கப்பழமே இறங்கி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்.

நாற்பது நிமிஷத்தில் பிளவு இறங்கியது. பள்ளம் இருந்த இடத்தில் பள்ளம் இல்லை. பிறகு தங்கப்பழம் அவள் முன்னால் வந்து நின்று, தலையிலிருந்து தொப்பியை எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பாக்கியத்துக்கு வேறு யாருக்கோ நடந்தது போல இருந்தது. சால்வை போர்த்தினார்கள். பேப்பரில் படம் வந்தது, படத்திலும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு குடும்பத்துச் சாமி என்று அண்ணி தெருவெல்லாம் சொன்னாள். அனுபமா ஊரிலிருந்து திரும்பிய அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தையில், மலைப் பகுதிகளுக்கெல்லாம் அரசாங்கம் மூச்சுமானி வாங்குவதாக முடிவாயிற்று. அதற்கான கையேட்டின் மாதிரி தபாலில் வந்தது. பதினோராம் பக்கத்தில் ஓர் அட்டவணை: சனி, ஞாயிறு, திங்களில் வீட்டுக்கு ஒரு குண்டான் கழிக்கவும். பிழை இருந்தால் திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பாக்கியம் அதை மூன்று தடவை படித்தாள். ஒரு பிழையும் தென்படவில்லை.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த ஆள் வந்தான். அனுபமா நகரத்துக்குப் போயிருந்தாள், நிலையத்தில் பாக்கியம் மட்டும் இருந்தாள். வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் பையோடு நின்றான். கட்டையாக வளர்ந்த முடி, அடர்ந்த மீசை. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“என் பேரு சங்கிலி, அக்கா. கருங்குன்று கீழ் லயம். கடைசியா ஒருத்தன இழுத்துப் போட்டாங்களே, அது நான்தான்.”

பாக்கியம் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காபி கலந்து கொண்டுவந்தாள். பையில் இருந்தது எஸ்டேட் தேயிலை, அவனே மேசைமேல் எடுத்து வைத்தான். அன்று அவளை வாய்க்கு வந்தபடி திட்டினானாம். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறதாம். அவனுக்கு ஒரு வயதுப் பெண்குழந்தை இருக்கிறது, சரிவு நடந்த அன்று மனைவியோடு அவளுடைய பிறந்தவீட்டில் இருந்தது. இன்று அதற்குத் தகப்பன் இருக்கிறான் என்றால் பாக்கியம் சொன்ன ஒரு சொல்லால்தான் என்றான். அதையெல்லாம் காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சொல்ல வந்தது அது மட்டுமில்லை என்று பாக்கியத்துக்குப் புரிந்தது.

மார்கழியில் மழை விட்டபிறகு மண்ணை எல்லாம் அள்ளினார்களாம். அவன் தங்கை மாரீஸ்வரி நாலாவது வீட்டில் கிடைத்தாள். சமையல் மேடைக்கு அடியில், சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடி. மேலே கதவுப் பலகை விழுந்து ஒரு பொந்துபோல ஆகியிருந்தது. பக்கத்தில் ஒரு சொம்பு இருந்தது. அதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? ரெண்டு நாள் உயிரோடு இருந்திருப்பாள் என்று ஒருத்தி சொன்னாள், மூன்று நாள் என்று இன்னொருத்தி சொன்னாள். அது அவன் தாயின் காதில் விழுந்தது. வைத்தியத்துக்காக அவன் கீழே அழைத்துப்போயிருந்ததால் தப்பித்த தாய். அன்றிலிருந்து அவள் படுப்பதில்லை. உட்கார்ந்தபடியே விடியவைக்கிறாளாம்.

“அம்மாகிட்டப் போய்ச் சொல்லணும்க்கா, உங்க வாயால கேட்டுட்டு வந்தேன்னு. திங்கக்கெழம மத்தியானம் அங்க யாருக்கும் உசிரு இல்ல. அப்படித்தானே?”

“இல்லீங்க” என்றாள் பாக்கியம். “யாருக்கும் இல்ல.”

“பொட்டி என்னமோ காட்டுச்சுன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க.”

“காட்டுச்சுங்க. அது ஆள் மூச்சு இல்ல.”

வாய் தானாகத் திறந்துகொண்டது. அந்தத் தாயைப் படுக்க வைத்துவிட வேண்டும் என்ற தவிப்பில், அவள் யாரிடமும் பேசாத அளவுக்குப் பேசினாள். பதினேழாம் நம்பர் புற்றைச் சொன்னாள், காளானைச் சொன்னாள், அண்ணியின் குண்டானைச் சொன்னாள். மேசையிலிருந்த கையேட்டை எடுத்து அட்டவணையைக் காட்டினாள். பன்னிரண்டு வீட்டு மாவும் சேர்ந்தால் சரியாக ஓர் ஆள் மாதிரி இருக்கும், தெரியாதவர்கள் ஏமாந்துபோவார்கள் என்றாள்.

சங்கிலியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. சிரிப்பு மாதிரி ஒன்றுகூட வந்தது. அட்டவணையில் விரல் வைத்துப் படித்தான். விரல் ஓரிடத்தில் நின்றது.

“மாவா?” என்றான். “எங்க லயத்துல அன்னிக்கு ஏதுக்கா மாவு?”

“சனிக்கிழம ஆட்டியிருப்பாங்கல்ல.”

“மத்த லயத்துல ஆட்டியிருப்பாங்க. எங்கப்பா செத்து அன்னிக்கு ஒம்பதாம் நாளு. பன்னண்டு வீடும் பங்காளிக. கருமாதி முடியறவரைக்கும் எங்கள்ல ஆட்டுக்கல்லு சுத்தாது, புளிச்சது எதுவும் வீட்டுல இருக்கக் கூடாது. மேல் லயத்துக்காரங்கதான் ரெண்டு வேளையும் சோறு கொண்டாந்தாங்க. அம்மாவ ஆஸ்பத்திரில காட்டிட்டு அப்படியே கருமாதிச் சாமான் வாங்கத்தான் நான் கீழ எறங்குனேன்.” அவன் இன்னும் அட்டவணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “நாந்தானே கொள்ளி வெச்சேன்.”

பாக்கியம் அவன் தலையைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். கோவிலுக்கு முடி கொடுக்கிறவன் மீசையை எடுப்பானா? சொந்த வீட்டில் அப்பா இறந்தபோது அண்ணனுக்கு மீசை எடுத்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அன்று பள்ளத்தில் அந்த முகம் அவளை நோக்கித்தான் நிமிர்ந்து கெஞ்சியது. எல்லாவற்றையும் கேட்டவள், மாட்டையும் அடுப்பையும் கேட்டவள், சாவு விழுந்த வீடு உண்டா என்று மட்டும் கேட்கவில்லை.

சங்கிலி மெல்ல நிமிர்ந்தான்.

“அப்ப அது என்ன மூச்சுக்கா?”

சொல்வதற்கு வேண்டிய மட்டும் இருந்தது. தேயிலைச் செத்தை மக்கினாலும் மூச்சு விடும். உடைந்த சாக்கடை விடும். மண்ணே விடும். எதைச் சொன்னாலும் அவன் நம்புவான், நம்பத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறான். ஒரு சொல்லில் ஒரு தாய் இன்று படுத்துத் தூங்குவாள். அவள் ஒன்று என்று சொல்லியிருந்தாலும் நாற்பது நிமிஷத்தில் மலை இறங்கியிருக்கும். மாரீஸ்வரியோடு பதினான்கு பேர், இவனும் அதில் ஒருவன், இந்த நாற்காலியில் காபி குடிக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இதெல்லாம் உண்மைதான். பதினோராம் பக்கம் அவர்களுக்கு நடுவே விரிந்து கிடந்தது. அடுத்த மழையில் எந்த மலையிலோ யாரோ ஒருத்தி அதைப் பார்த்துக் கழிக்கப்போகிறாள்.

பாக்கியம் தரையைப் பார்க்கவில்லை.

“ஆள் மூச்சுதாங்க” என்றாள். “ஒரு பொம்பள அசையாம உக்காந்திருந்தா வர்ற மூச்சு. பொட்டி சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் கழிச்சுட்டேன்.”

வெளியே காற்றுக்குக் கொடிகள் படபடத்தன. சங்கிலி பாதி குடித்த தம்ளரை அட்டவணைமேல் படாமல் தள்ளி வைத்தான். எழுந்தான். நாற்காலியை அது முன்னால் இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டான். அவன் ஏதாவது கேட்பான், அடிப்பான், காறித் துப்பவாவது செய்வான் என்று அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் வாசலுக்குப் போய், குனிந்து, ஒவ்வொரு காலாகச் செருப்பை மாட்டிக்கொண்டான். பிறகு புற்றுகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடந்து போனான்.